மேடு பள்ளமான கன்ட்ரி ரோட்டுல ஸ்போர்ட்ஸ் கார் வேகமா, எஸ்டேட் கார் வேகமா?

கேள்வி என்னன்னா, இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் இருக்கற குண்டும் குழியுமான கிராமத்து ரோட்டுல, பின்னாடி நாயையும் நாலு பெட்டியையும் ஏத்திக்கிட்டு வர்ற ஆடி ஆர்எஸ்6 அவான்ட் எஸ்டேட் ஒண்ணு (எஸ்டேட்னா கூரை பின்னாடி வரைக்கும் நீண்டு டிக்கி பெருசா இருக்கற ஸ்டேஷன் வேகன்) சுத்தமான ஸ்போர்ட்ஸ் காரைத் தண்ணி காட்டிட்டுப் போயிடும்னு சொல்றாங்களே, அது உண்மையா இல்ல சும்மா அளக்கறாங்களாங்கறது.

பாதி உண்மை. எந்த ஸ்போர்ட்ஸ் கார்னு கேட்டாதான் மீதிப் பாதி தெரியும். ஸ்போர்ட்ஸ் கார்னு பொதுவா ஒரே மூட்டையா கட்டிப் பேசறதுலதான் இந்த விவாதமே தடம் மாறுது. ரேஸ் டிராக்குல லேப் டைம் எடுக்கறதுக்காக செட் பண்ணின கார்னா எஸ்டேட் ஜெயிக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா எடை கம்மியா, ஸ்பிரிங் சாஃப்டா, சக்கரம் மேல கீழ போக இடம் விட்டுச் செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார்னா, 600 குதிரைத் திறன் எஸ்டேட்டு கூட அதை விரட்டிப் பிடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும்.

முதல்ல ரோட்டப் பத்திப் பேசணும், ஏன்னா இங்க மேடு பள்ளம்னு சொல்றதே ரெண்டு மூணு வகை. ஒண்ணு உடைஞ்ச தார், ஒட்டுப் போட்ட இடம், சாக்கடை மூடி, மாடு ஆடு தாண்டாம இருக்க ரோட்டு குறுக்க போட்டிருக்கற இரும்புக் கம்பி கிராதி, இதெல்லாம் சின்னதா கூர்மையா டக்குனு அடிக்கும். இன்னொண்ணு நீளமான அலை. கேம்பிரிட்ஜுக்கு வடக்க ஃபென்ஸ்னு ஒரு தாழ்வான பகுதி இருக்கு, சதுப்பு நிலத்தை வடிகட்டி வயலாக்கின இடம். அந்த கரி மாதிரியான பீட் மண்ணு தண்ணி வத்த வத்த சுருங்கிட்டே போகும். ஹோம் ஃபென்ங்கற இடத்துல 1850கள்ல தரை மட்டத்துக்கு நட்ட இரும்புத் தூண் இப்ப நாலு மீட்டர் வெளிய தெரியுதுன்னா எவ்வளவு எறங்கிருக்குன்னு பாத்துக்கோங்க. மண்ணு எல்லா இடத்துலயும் ஒரே அளவு எறங்காதில்ல, அதனால அங்க ரோடு பாக்க கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், ஆனா கார் ஏறி இறங்கி ஏறி இறங்கிதான் போகும். மூணாவது வகைதான் ரொம்ப மோசம், வளைவுக்கு நடுவுல வர்ற மேடு. வடக்கு வேல்ஸ்ல ஏ5, ஏ543, பி4501 மூணும் சேர்ந்து ஒரு முக்கோணம் மாதிரி இருக்கும், கார் பைத்தியங்க எல்லாரும் போற ரோடு. அந்தப் பக்க ரோட்டுல எல்லாம் திருப்பத்துல கார் ஒரு பக்கம் சாஞ்சு வெளிப்பக்க ஸ்பிரிங் ஏற்கனவே அமுங்கி இருக்கும்போது கீழருந்து ஒரு மேடு வந்து குத்தும். அந்த நேரத்துல சக்கரத்துக்கு மேல போக இன்னும் இடம் இருக்கா இல்லையாங்கறதுதான் காரோட ஜாதகமே.

இடம் இல்லேன்னா என்ன ஆகும்? சஸ்பென்ஷன் ரப்பர் பம்ப் ஸ்டாப்புல, அதாவது கடைசித் தடுப்புல போய் முட்டும். அந்த நொடியில அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாதுன்னு அர்த்தம், மேட்டோட அடி அப்படியே பாடிக்குப் போகும், டயர் மேல லோடு ஒரு கணம் எகிறி அடுத்த கணம் சுத்தமா போயிடும், கார் ஒரு அரை அடி வெளிப்பக்கமா தாவி நிக்கும். தாழ்வா இறுக்கமா செட் பண்ணின டிராக் காருங்க, போர்ஷே ஜிடி3 ஆர்எஸ் மாதிரி வண்டிங்க, இந்த ரோட்டுல தடுமாறறதுக்குக் காரணம் இதுதான். வண்டி மோசம்னு இல்ல, வழவழன்னு இருக்கற டிராக்குல சக்கரம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும், அதுக்குத்தான் அதை செஞ்சிருக்காங்க. இந்த ரோட்டுல அந்தக் காரை ஓட்டறவர் ரெண்டு வளைவு தாண்டினதுமே தானா காலை எடுத்துடுவார், ஏன்னா அடுத்த மேட்டுல கார் எந்தப் பக்கம் துள்ளும்னு அவருக்கே தெரியாது. கன்ட்ரி ரோட்டுல வேகங்கறது பாதி இந்த நம்பிக்கைதான், நூறு குதிரைத் திறன் கூட இருந்தும் நம்பிக்கை இல்லேன்னா அந்த நூறும் வேஸ்ட்.

இப்ப எஸ்டேட் எங்க ஜெயிக்குதுன்னு பாப்போம். வெயிட்டான கார் குலுங்காம போறதுக்கு ஒரு எளிமையான காரணம் இருக்கு. ஸ்பிரிங்குக்கு மேல இருக்கற எடைக்கும் கீழ இருக்கற எடைக்கும் உள்ள விகிதம். கீழன்னா சக்கரம், டயர், பிரேக், ஹப் இதெல்லாம். ஒரு பெரிய எஸ்டேட்ல ஒரு மூலைக்கு சக்கரமும் பிரேக்கும் சேர்ந்து 50 கிலோன்னு வெச்சுக்கோங்க, அதுக்கு மேல உக்காந்திருக்கற பாடி எடை ஒரு மூலைக்கு 450 கிலோவுக்கு மேல. சக்கரம் துள்ளினாலும் பாடி அசையாது. அதே 50 கிலோ சக்கரத்தை ஒரு டன் கார்ல மாட்டினா மேல 200 கிலோதான் இருக்கும், சக்கரம் துள்ளினா பாடியையும் சேர்த்து உலுக்கும். அதனாலதான் கனமான காருக்கு நல்ல ரைட், அதாவது குலுங்காம போற சுகம், வர்றது சுலபம், எடை கம்மியான காருக்கு அதை வரவழைக்கறது பெரிய வேலை.

அப்புறம் வீல்பேஸ். ஆர்எஸ்6க்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 2.9 மீட்டர், லோட்டஸ் எலீஸ்ங்கற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு 2.3 மீட்டர். நீளமான கார்ல மூக்கு ஏறி வால் இறங்கற ஆட்டம் கம்மி. ஃபென்ஸ் ரோட்டுல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 60 மைல் வேகம்னா நொடிக்கு சுமார் 27 மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு அலைன்னா நொடிக்கு ஒண்ணேகால், ஒண்ணரை தடவை கார் தூக்கப்படுது. ஒரு சொகுசான காரோட பாடி தன்னால ஆடற வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஊஞ்சலை அது வர்ற நேரம் பாத்து தள்ளிவிடற மாதிரி ஒவ்வொரு அலையும் முந்தின ஆட்டத்தோட சேர்ந்துக்கும், முதல் அலையில லேசா ஏறும், ரெண்டாவதுல கொஞ்சம் ஜாஸ்தி, மூணாவதுல வயித்தைக் கலக்கும், நாலாவதுல அடிப்பக்கம் ரோட்ட உரசும். இதை அடக்கறது ஸ்பிரிங் இல்ல, டேம்பர், அதாவது நம்ம ஊர்ல ஷாக் அப்சார்பர்னு சொல்றோமே அது. ஸ்பிரிங் சாஃப்டா இருக்கலாம், ஷாக் அப்சார்பர் நல்லதா இருக்கணும். மலிவான செட்டிங்ல இதை உல்டாவா பண்ணுவாங்க, ஸ்பிரிங்க கல்லு மாதிரி ஆக்கிட்டு ஸ்போர்ட்டின்னு பேர் வெச்சிடுவாங்க.

எஸ்டேட்டோட இன்னொரு பலம் பிடிமானம். இங்க கிராமத்து ரோட்டுல வருஷத்துல பாதி நாள் ஈரம், டிராக்டர் வயல்லருந்து இழுத்துட்டு வந்த சேறு, இலையுதிர் காலத்துல அழுகின இலை. நாலு சக்கரத்துக்கும் பவர் போற டர்போ எஸ்டேட் அந்த மாதிரி திருப்பத்துலருந்து வெளிய வரும்போது ஆக்சிலேட்டரை அமுக்கினா போயிட்டே இருக்கும். இது புதுக்கதை இல்ல. 1994ல ஆடியும் போர்ஷேயும் சேர்ந்து ஆர்எஸ்2 அவான்ட்டை கொண்டு வந்தாங்க, 2.2 லிட்டர் அஞ்சு சிலிண்டர் டர்போ, 315 குதிரைத் திறன், போர்ஷே பிரேக், ஜெர்மனில ஸுஃபன்ஹௌசன்ல போர்ஷே ஆலையிலேயே அசெம்பிள் ஆச்சு. ஆட்டோகார் பத்திரிகை டெஸ்ட்ல அது நின்ன இடத்துலருந்து 30 மைல் வேகத்தை 1.5 செகண்டுல தொட்டுச்சு, அந்த முதல் 30 மைலுக்கு மெக்லாரன் எஃப்1 சூப்பர் காரை விட வேகம். குடும்பத்தோட சூப்பர் மார்க்கெட் போற வண்டி! (அதே 1994ல பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துல வால்வோ 850 எஸ்டேட்டை இறக்கி ரிக்கார்டு ரிடெல், யான் லாமர்ஸ் ரெண்டு பேரும் ஓட்டினாங்க, பாக்கறவங்களுக்கு ஒரே கொண்டாட்டம், ஆனா அடுத்த வருஷமே செடானுக்கு மாறிட்டாங்க.)

பார்வையும் ஒரு விஷயம். ரோட்டு ரெண்டு பக்கமும் ஆள் உயர வேலிச்செடி. எலீஸ்ல உக்காந்தா கிட்டத்தட்ட தரையில உக்காந்த மாதிரி, முன்னாடி பச்சைச் சுவரத் தவிர ஒண்ணும் தெரியாது. எஸ்டேட்ல கொஞ்சம் உசரமா உக்காந்திருக்கறதால சில இடத்துல வேலிக்கு மேல எதிர்ல வர்ற வண்டியோட தலை தெரியும். சின்ன விஷயம்தான், ஆனா அந்தத் தலை தெரிஞ்சா நிம்மதியா போகலாம்.

இதெல்லாம் சேர்த்துப் பாத்தா எஸ்டேட்தான்னு தோணும். ஆனா வேகமான எஸ்டேட்டோட பிரச்சனையைப் பத்தி அவ்வளவா யாரும் பேசறதில்ல. முதல் பிரச்சனை எடை. இப்ப இருக்கற ஆர்எஸ்6 ரெண்டு டன்னுக்கு மேல. 2024ல வந்த பிஎம்டபிள்யூ எம்5 டூரிங் (அவங்க எஸ்டேட்டுக்கு வெச்ச பேர் டூரிங்) ஹைபிரிட் பேட்டரியோட கிட்டத்தட்ட ரெண்டரை டன், 727 குதிரைத் திறன். ஆல்பைன் ஏ110ங்கற பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் சுமார் 1,100 கிலோ, 252 குதிரைத் திறன். நேர் ரோட்டுல எம்5 காணாம போயிடும், சரி. ஆனா அடுத்த வளைவுக்கு பிரேக் போடும்போது அதே வேகத்துலருந்து ரெண்டு மடங்குக்கு மேல சக்தியை அது டிஸ்க்குல சூடா மாத்தியாகணும், அடுத்த வளைவுலயும் அதேதான், அதுக்கடுத்ததுலயும். மலை இறக்கத்துல கொஞ்ச நேரம் உற்சாகமா ஓட்டினா பிரேக் பெடல் இன்னும் ஆழமா இறங்கறது கால்ல தெரியும். ஷாக் அப்சார்பருக்கும் அதே கதைதான், ரெண்டு டன் பாடி மேட்டைத் தாண்டி இறங்கும்போது அதை ஒரே மூச்சுல பிடிச்சு நிறுத்தணும், இல்லேன்னா வண்டி இன்னொரு தடவை ஆடி முடிக்கறதுக்குள்ள அடுத்த திருப்பம் வந்துடும்.

ரெண்டாவது அகலம். கன்ட்ரி ரோடுன்னா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் நினைக்கறேன், ஸ்பெக் ஷீட்ல மட்டும் யாரும் பாக்கறதில்ல. ஆர்எஸ்6 கண்ணாடி இல்லாமலே 1,951 மில்லிமீட்டர், கண்ணாடியோட ரெண்டு மீட்டரைத் தாண்டும். ஏ110 1,798. வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லையேன்னு தோணும். அஞ்சு மீட்டர் அகல ரோட்டுல எதிர்ல 2.55 மீட்டர் லாரி வருதுன்னு வைங்க, மீதி 2.45. அதுல ரெண்டு மீட்டருக்கு மேல உங்க காரே எடுத்துக்குது. ரோட்டு ஓரம் எப்பவும் உடைஞ்சுதான் இருக்கும், இடது சக்கரம் அந்த உடைசல்ல இறங்கும், 22 இன்ச் ரிம்முக்கு அங்கயே சாமி கும்பிட்டுடலாம். அகலம் கம்மியான கார்னா உங்க லேனுக்குள்ளயே கொஞ்சம் உள்ள வெளிய நகர்ந்து குழியைத் தவிர்க்க இடம் கிடைக்கும். குழில இறங்காம தப்பிக்கற கார், குழியை அருமையா தாங்கற காரை விட எப்பவும் மேல்.

மூணாவது டயர். முதல் எலீஸ், 1996ல வந்தது, முன்னாடி 185/55 ஆர்15 டயர் (அகலம் மில்லிமீட்டர்ல, பக்கச்சுவர் அதுல எத்தனை சதவீதம், ரிம் எத்தனை இன்ச்), பக்கச்சுவர் சுமார் 10 சென்டிமீட்டர். எடை மொத்தமே 725 கிலோவை ஒட்டித்தான். ஆர்எஸ்6ல 285/30 ஆர்22 போட்டா பக்கச்சுவர் எட்டரை சென்டிமீட்டர். மூணு மடங்கு எடையுள்ள காருக்கு மெல்லிசான ரப்பர்! டிசைன் ஸ்டூடியோக்காரங்களுக்கு பெரிய சக்கரம்தான் பிடிக்கும், நமக்கும் படத்துல பாக்க நல்லாத்தான் இருக்கு, என்ன பண்றது. அவ்வளவு அகலமான டயர் ரோட்டுல இருக்கற சக்கரத் தடத்தைப் பிடிச்சிட்டு அதும்பாட்டுக்கு இழுத்துட்டுப் போகும், ஸ்டீயரிங்க சும்மா விடவே முடியாது.

நாலாவதா ஒண்ணு, எஸ்டேட்டுக்கே உரியது. டிக்கி நிறைய சாமான், பின் சீட்ல ஆளுங்கன்னு அஞ்சாறு நூறு கிலோ தாங்கணும்னு பின் ஸ்பிரிங்க கெட்டியா போடுவாங்க. காலியா போகும்போது பின்பக்கம் டங்கு டங்குனு குதிக்கும். ஏர் சஸ்பென்ஷனோ லெவல் பண்ற சிஸ்டமோ இருந்தா இந்தப் பிரச்சனை பெரும்பாலும் தீர்ந்துடும். வளைவுல சாயறதுக்குன்னு ஆடி 2002ல வந்த முதல் ஆர்எஸ்6லயே டிஆர்சின்னு ஒண்ணு வெச்சாங்க, முன் இடது ஷாக் அப்சார்பரையும் பின் வலதையும் குறுக்கால எண்ணெய்க் குழாய்ல இணைச்சு, மறு பக்கமும் அதே மாதிரி, வளைவுல பாடி சாயறதை எண்ணெய் அழுத்தத்தாலயே எதிர்க்கற ஏற்பாடு. புத்திசாலித்தனமான யோசனை, ஆனா பழசாச்சுன்னா லீக் ஆகும், பழைய ஆர்எஸ்6 வாங்கறவங்க முதல்ல கேக்கற கேள்வியே அதுதான்.

சரி, ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் இதைப் புரிஞ்சு செஞ்சவங்க யாருன்னா, முதல்ல லோட்டஸ். அவங்க ஆலை நார்ஃபோக்ல ஹெத்தெல்ங்கற இடத்துல இருக்கு, சுத்தி இருக்கறது எல்லாம் இந்த மாதிரி கெட்ட கிராமத்து ரோடுதான், கார் அந்த ரோட்டுலதான் வளர்ந்துச்சு. அவங்க வழி சாஃப்ட் ஸ்பிரிங், கட்டுப்பாடான டேம்பர், கீழ்ப்பக்க எடையை முடிஞ்ச வரைக்கும் குறைக்கறது. நான் மேல சொன்ன விகிதக் கணக்கு ஞாபகம் இருக்கில்ல, லேசான கார்னா சக்கரமும் லேசா இருந்தே ஆகணும். அதுக்காக முதல் எலீஸ்ல பிரேக் டிஸ்க்கையே அலுமினிய கலவைல போட்டாங்க, வார்ப்பிரும்பு இல்ல. அந்த அளவுக்கு கிராம் கணக்கு பாத்திருக்காங்க. அப்புறம் அதை சப்ளை பண்றது நின்னு போய் சாதா டிஸ்க்குக்கு வந்தாங்கங்கறது வேற.

ரெண்டாவது 2017ல வந்த ஆல்பைன் ஏ110. ஃபிரான்ஸ்ல டியெப் ஆலைல செஞ்சது. என் கணக்குல இந்தக் கேள்விக்கு இதுதான் நேரடி பதில். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலயும் கீழயும் ரெண்டு கையால பிடிக்கற அமைப்பு), எலெக்ட்ரானிக் டேம்பர் எதுவும் கிடையாது, ஓட்டற மோடு மாத்தினா சஸ்பென்ஷன் மாறாது. ஸ்பிரிங் சாஃப்ட், வளைவுல நல்லாவே சாயும். விஷயம் எங்க இருக்குன்னா சக்கரம் மேல போற கடைசி பகுதியில ரப்பர் ஸ்டாப்புக்குப் பதிலா ஹைட்ராலிக் ஸ்டாப், அதாவது டேம்பருக்குள்ளயே இன்னொரு குட்டி டேம்பர். ராலி கார்ல வர்ற டெக்னிக். ரப்பர்னா அமுங்கி திருப்பித் தள்ளும், எண்ணெய் அந்த சக்தியை விழுங்கிடும், திருப்பித் தராது. வளைவு நடுவுல அந்த மேடு குத்தும்போது மற்ற கார் துள்ளற இடத்துல இது "உம்ம்"னு ஒரு தடவை அமுங்கி அப்படியே போகும். கார்டன் முர்ரே, மெக்லாரன் எஃப்1 டிசைன் பண்ணினவர், சொந்தமா ஒரு ஏ110 வெச்சிருந்து தன்னோட டி.50 சூப்பர் காருக்கு ரைட், ஹேண்ட்லிங் (கார் வளையற லாவகம்) அளவுகோலா இதைத்தான் வெச்சார்னா மேல என்ன சொல்ல.

பெரிய கம்பெனிங்களும் இதை உணராம இல்ல. ஃபெராரி 2007ல 430 ஸ்கூடேரியால ஒரு பட்டன் வெச்சாங்க, இன்ஜினும் கியரும் ரேஸ் மோடுல கூர்மையா இருக்கட்டும், டேம்பர் மட்டும் சாஃப்டாகட்டும்னு. அந்தக் காரை டெவலப் பண்ணும்போது ஃபார்முலா 1 டிரைவர் மைக்கேல் ஷூமாக்கர் கூட இருந்தார். ஏழு தடவை உலக சாம்பியனுக்கே கெட்ட ரோட்டுல சாஃப்ட் டேம்பர்தான் வேகம்னு தெரிஞ்சிருக்கு, ஆனா நம்ம ஆளுங்க இன்னும் காரை வாங்கின மறுநாளே காரைத் தாழ்த்தற லோயரிங் ஸ்பிரிங் தேடறாங்க. மெக்லாரன் 2011ல 12சி கார்ல ஆன்டி ரோல் பாரையே (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைச்சு சாயறதைக் குறைக்கற கம்பி) தூக்கிட்டு நாலு டேம்பரையும் எண்ணெய்க் குழாய்ல இணைச்சாங்க, ஒரு சக்கரம் குழில இறங்கினா பக்கத்து சக்கரத்தை இழுக்காது. சொகுசு செடான் மாதிரி போகும் அந்த சூப்பர் கார். ஆனா அகலமும் விலையும், அது நம்ம கதைக்கு ஆகாது.

எஸ்டேட் பக்கம் எனக்குப் பிடிச்சது ஆர்எஸ்6 இல்ல, ஆல்பினா பி3 டூரிங். (ஆல்பைன் வேற ஆல்பினா வேற, குழப்பிக்காதீங்க, இது ஜெர்மனி.) பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எஸ்டேட்தான், ஆனா ஸ்பிரிங், டேம்பர் செட்டிங், டயர் எல்லாம் அவங்க கேட்டு வாங்கினது, இந்தத் தலைமுறை வந்த புதுசுல 462 குதிரைத் திறன், நாலு சக்கர டிரைவ், ஆர்எஸ்6 அளவுக்கு அகலமும் இல்ல. பிஎம்டபிள்யூ எம்3 டூரிங் பேப்பர்ல அதை விட வேகம், 2022ல வந்தப்ப 510 குதிரைத் திறன், ஆனா அது கொஞ்சம் டிராக் பக்கம் சாஞ்ச வண்டி, உடைஞ்ச ரோட்டுல கம்ஃபர்ட் மோடுலயே கொஞ்சம் கடகடங்கும். பட்ஜெட் கம்மின்னா ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் எஸ்டேட், இங்க விஆர்எஸ்னு விப்பாங்க, சின்ன சக்கரத்தோட கிடைச்சா எடுத்துக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்ல பட்ஜெட் கம்மின்னா மஸ்டா எம்எக்ஸ்-5, ஒரு டன்தான், வளைவுல படகு மாதிரி சாயுதுன்னு திட்டுவாங்க, அந்த சாயறதாலதான் மேடு பள்ளத்துல அது ரோட்ட விடாம பிடிச்சிட்டுப் போகுது.

இன்னொண்ணும் சொல்லணும். இங்க ரெண்டு வழி கிராமத்து ரோட்டுல பொதுவான சட்ட வேகம் 60 மைல். பிரிட்டன்ல ரோட்டு சாவுல பாதிக்கு மேல கிராமப்புற ரோட்டுலதான் நடக்குது, மோட்டார்வேங்கற பெரிய நெடுஞ்சாலைல இல்ல. அதனால வேகம்னு நான் சொல்றது 60க்குள்ள எவ்வளவு நிம்மதியா, வளைவுல எவ்வளவு வேகத்தை இழக்காம போகலாம்ங்கறதுதான். அந்த வேகத்துக்கு 600 குதிரைத் திறனுக்கு வேலையே இல்ல, ரெண்டு செகண்டு அமுக்கினா லைசென்ஸ் போயிடும். எலீஸோ எம்எக்ஸ்-5ஓ அதே ரோட்டுல 45ல போகும்போதே ஓட்டற சந்தோஷம் முழுசா கிடைக்கும்.

அதனால குடும்பம், நாய், சாமான் இருக்கு, ஒரே கார்தான் வெச்சுக்க முடியும்னா எஸ்டேட் எடுங்க, ஆனா இருக்கறதுலயே சின்ன ரிம் எதுவோ அதைக் கேளுங்க, ஷோரூம்காரர் 21, 22 இன்ச்சைத் தள்ளிவிடப் பாப்பார், அசையாதீங்க. ரெண்டாவது கார் வெச்சுக்க முடியும்னா ஏ110. டெஸ்ட் டிரைவ்ல அவங்க கூட்டிட்டுப் போற வழவழ பைபாஸ்ல போகாம, ஊருக்கு வெளிய இருக்கறதுலயே மட்டமான ரோடு எதுன்னு கேட்டு அங்க கூட்டிட்டுப் போங்க, ஒரு வளைவு நடுவுல ஒட்டுப் போட்ட இடமா பாத்து சாதாரண வேகத்துல போங்க, ஸ்டீயரிங் கையில துள்ளி நீங்க திருத்த வேண்டி வந்துச்சுன்னா அந்தக் காரை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க. போறதுக்கு முன்னாடி டயர் பிரஷர் சரியான்னு பாத்துக்கோங்க, டெமோ கார்ல பெரும்பாலும் ஜாஸ்தியா அடிச்சு வெச்சிருப்பாங்க, நல்ல கார் கூட கெட்ட காரா தெரியும்.